நானூறு மில்லி

எட்டு கிலோ எடையுள்ள நாய்க்கு ஒரு நாளைக்கு நானூறு மில்லி தண்ணீர் போதும் என்று ஜெயகிருஷ்ணன் முடிவு கட்டியபோது அந்த நாயை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனைவி காமுவைக் கேட்டார். கேட்டார் என்றால், சொன்னார். ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் வந்த செல்லப் பிராணிகள் பக்கத்தைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு, "கிலோவுக்கு அம்பது மில்லி. எட்டு அம்பது நானூறு. அவ்வளவுதான் கணக்கு" என்றார். காமு தாளித்துக்கொண்டிருந்தாள். கடுகு வெடித்த சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. "சரிங்க" என்று சொல்லிவைத்தாள். பின்னால் அந்த ஒரு "சரிங்க"வுக்காகத் தன் நாக்கையே அறுத்துப் போட்டால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

அது இரண்டாயிரத்து நாலு, மே மாதம். பீர்க்கன்கரணை ஏரிக்குள் ஒரே சமயத்தில் மூன்று கிரிக்கெட் மேட்ச் நடந்துகொண்டிருந்தது. நாலாவதுக்கும் இடம் இருந்தது. ஸ்ரீசக்ரா நகரில் போர் போட்ட வீடுகளில் மோட்டாரைப் போட்டால் காற்றுதான் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் அசோசியேஷன் ஏற்பாட்டில் லாரி வரும். ஏப்ரலில் லாரிக்கு முன்னால் நடந்த குடச் சண்டையில் ஒருத்தர் மண்டை உடைந்து நாலு தையல் போட்டார்கள். அதற்கப்புறம்தான் ஜெயகிருஷ்ணனைப் பிடித்துச் செயலாளராக உட்காரவைத்தார்கள்.

பொருத்தமான ஆள். எடையளவு இன்ஸ்பெக்டர். கடை கடையாகப் போய்த் தராசு, படிக்கல், லிட்டர் அளவு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று சோதித்து முத்திரை குத்துகிற வேலை. இருபத்தாறு வருஷ சர்வீஸில் எந்தக் கடைக்காரரிடமும் ஒரு காபி வாங்கிக் குடித்ததில்லை. வந்த வாரமே ரேஷன் கார்டைப் பார்த்துத் தலைக்கு இரண்டு குடம் என்று டோக்கன் போட்டார். சண்டை நின்றது. முதல் காரியமாகத் தன் கார்டிலிருந்து மகள் ஸஹானாவின் பெயரை அடித்தார். அவள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள், இங்கே தண்ணீர் குடிப்பதில்லை. "நாய்க்கு எத்தனை குடம் சார்?" என்று கூட்டத்தில் யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். ஜெயகிருஷ்ணன் சிரிக்கவில்லை. "நாய்க்கு டோக்கன் கிடையாது. எங்க பங்குலேர்ந்து நாங்க குடுத்துக்குறோம். ரூல்னா செகரட்டரிக்கும் சேர்த்துதான்" என்றார். கைதட்டினார்கள். நேர்மையான மனுஷர்தான், யார் இல்லை என்றார்கள்? நேர்மையான மனுஷரோடு ஒரே வீட்டில் இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணிப் பார்த்தால்தான் அதில் உள்ள பேஜார் தெரியும்.

நாயின் பெயர் பஞ்சு. வெள்ளை பொமரேனியன், பெட்டை, எட்டு வயசு. ஸஹானா பத்து வயதில் அழுது அடம்பிடித்துக் கொண்டுவந்த குட்டி. அவள் ஹாஸ்டலுக்குப் போனபின் அது காமுவின் காலடியிலேயே கிடந்தது. காமு சமைத்தால் சமையலறை வாசலில், குளித்தால் குளியலறை வாசலில், தூங்கினால் கட்டிலுக்கு அடியில்.

மருந்துக்கடையில் சொல்லிவைத்து வாங்கிய கோடுபோட்ட குப்பியில் காலை இருநூறு, மாலை இருநூறு என்று ஜெயகிருஷ்ணனே அளந்து ஊற்றினார். குனிந்து, கண்ணைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுபோய், ஒரு சொட்டு கூடினால் திருப்பிக் குடத்தில் விட்டு, ஒரு சொட்டு குறைந்தால் சேர்த்து ஊற்றுவார். தராசைச் சோதிக்கிற அதே முகம். ஊற்றியபின் ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு டிக் அடிப்பார். ஒரு குடத்தில் பதினைந்து லிட்டர் பிடிக்கும். நாய்க்கு ஒரு டம்ளர் கூட ஊற்றினால் எந்த ஏரி வற்றிவிடப் போகிறது என்று காமு ஒருமுறை கேட்டாள். "இன்னைக்கு ஒரு டம்ளர்னு ஆரம்பிக்கும். அப்புறம் அளவுன்னு ஒண்ணு எதுக்கு?" என்றார். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது, அவள் அதற்குமேல் பேசவில்லை.

அவளுக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க் வேலை. மே மாதம் அட்மிஷன் சமயம். எட்டு மணிக்குப் பெருங்களத்தூரில் ரயில் ஏறினால் வீடு திரும்ப ஐந்தாகும். பகலெல்லாம் பஞ்சு போர்டிகோவில் கிடக்கும். கேட்டுக்கு அடியில் அது நுழைந்து போகிற அளவுக்கு இடைவெளி இருந்தது.

மே இரண்டாவது வாரம் பஞ்சு ஹாலில் மூத்திரம் போக ஆரம்பித்தது. எட்டு வருஷத்தில் ஒருநாள்கூட வீட்டுக்குள் போகாத நாய். போய்விட்டு, தானே வெட்கப்பட்டு சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. குளித்து முடித்துக் கதவைத் திறந்தால் உள்ளே ஓடிவந்து ஈரத் தரையை நக்கியது. சோப்புத் தண்ணீரையும் நக்கியது. ஜெயகிருஷ்ணன் இதையெல்லாம் சேர்த்து யோசித்து ஒரு தீர்மானத்துக்கு வந்தார். "நாக்கு ருசி கண்டுடுச்சு. எங்கேயோ திருட்டுத்தனமா குடிக்குது, அதான் ஹால்ல போகுது."

ஒருநாள் காலை பாத்ரூம் கதவு ஒருக்களித்துக் கிடந்தது. பஞ்சு இரண்டு முன்னங்காலையும் பக்கெட் விளிம்பில் வைத்து, தலையை உள்ளே விட்டுக் குடித்துக்கொண்டிருந்தது. லாரி வந்து பிடித்த தண்ணீர், அடுத்த லாரி வரும்வரைக்கும் அதுதான். ஜெயகிருஷ்ணன் கையிலிருந்த பேப்பரைச் சுருட்டி முதுகில் ஒன்று வைத்தார். நாய் கத்திக்கொண்டு கீழே விழுந்தது. விழுந்ததன் மேல் இன்னும் மூன்று. "குடிப்பியா? குடிப்பியா இனிமே?" என்று அடிக்கு ஒரு கேள்வி. காமு ஓடிவந்து தடுப்பதற்குள் அது கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அன்று மாலை அவர் அளந்து ஊற்றிய இருநூறு மில்லியை, அவர் அந்த இடத்தைவிட்டுப் போகிறவரைக்கும் அது தொடவில்லை. "பாத்தியா, வேணாமாம். தாகமெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார். காமுவுக்குச் சுருக்கென்றது. ஆனால் அதோடு சரி, நாள் போய்விட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை அவள் வீடு திரும்பியபோது பஞ்சு சங்கிலியில் கட்டப்பட்டிருந்தது. "ஏன் கட்டிப்போட்டிருக்கு?" என்று கேட்டாள். "வெளிய போய்க் கண்டதுல வாய் வைக்குது" என்றார். சனிக்கிழமையும் அட்மிஷன் வேலை, அவள் போய்விட்டாள். அன்று இரவு பஞ்சு சோற்றைத் தொடவில்லை. ஞாயிறு விடிந்தபோது அது மஞ்சளாக நுரைத்து வாந்தி எடுத்திருந்தது. வயிறு உப்பி, தொட்டால் முனகியது. காமு அதன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்து சொரசொரவென்று இருந்தது.

"சூடுதான். கொஞ்சம் மோர் குடு, சரியாயிடும்" என்றார் ஜெயகிருஷ்ணன், சட்டையை மாட்டிக்கொண்டே. லாரி வரும் நேரம். வாசல்வரை போனவர் திரும்பி, "மோர் எவ்வளவு குடுக்குறியோ அதை நானூறுல கழிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். காமு மோரைக் கரைத்து வைத்தாள். நாய் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் தரையில் போட்டுக்கொண்டது.

டோக்கனுக்குத் தண்ணீர் பிடிக்காவிட்டால் இரண்டு நாள் ஒன்றுமில்லை. குடங்களை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போனாள். முன்னால் நின்றவள் அடுத்த வீட்டு ஷரீஃபா. அவள் புருஷன் ஜலால் ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிற கடை வைத்திருந்தார். ஷரீஃபா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"இன்னாக்கா, ரெண்டு நாளா பஞ்சுவ கண்லயே காணோம்? டப்பா ரொப்பி வச்சது வச்சபடியே கீது."

"என்ன டப்பா?"

ஷரீஃபா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சார் உங்ககிட்ட சொல்லலியா?"

"என்ன சொல்லணும்? சொல்லு ஷரீஃபா."

"கோச்சுக்காதீங்கக்கா. ஒரு ரெண்டு வாரமா அது எங்க கேட்டாண்டதான் வந்து குடிச்சிகினு இருந்திச்சு. நாய் வாய் வச்ச பாத்திரத்த நாங்க ஏழு தபா கழுவணும், இந்தத் தண்ணிக் கஷ்டத்துல அதுக்கு எங்க போறது? அதான் காலி பெயின்ட் டப்பா ஒண்ணு அதுக்குன்னே தனியா வச்சேன். ஒரு லிட்டர் டப்பா. மத்தியானத்துக்குள்ள காலி பண்ணிரும். மறுபடியும் அரை டப்பா ஊத்துவேன், அதையும் குடிச்சிரும். என்னடா இது, இத்துனூண்டு நாயி இவ்ளோ குடிக்குதேன்னு எனக்கே ஒரு மாதிரியா இருந்திச்சு. உங்ககிட்ட சொல்லணும்னுதான் நெனச்சேன். வெள்ளிக்கிழம மத்தியானம் சார் சாப்பிட வந்தாரு, பாத்துட்டாரு."

"பாத்துட்டு?"

"டோக்கன் தண்ணிய நாய்க்கு ஊத்துறது ரூலுக்கு விரோதம்னாரு. இன்னொரு தபா ஊத்துனா எங்க டோக்கன்ல ஒரு குடம் கொறப்பேன்னாரு." ஷரீஃபா கொஞ்சம் நிறுத்தினாள். "எங்க வூட்டுல அஞ்சு பேருக்கா. ஆளுக்கு ஒரு கிளாஸ் கொறச்சா ஆச்சு. வாயில்லா ஜீவன் வந்து நிக்கசொல்ல இல்லேன்னு சொன்னா, அல்லா நாளைக்கு என்னையத்தான கேப்பான்?"

காமு இரண்டு குடங்களையும் நடு ரோட்டில் வைத்தாள். ஒன்று உருண்டு போனது, எடுக்கவில்லை. வரிசையின் தலைமாட்டில், லாரி குழாய்க்குப் பக்கத்தில் ஜெயகிருஷ்ணன் டோக்கன்களை வாங்கி இரண்டாகக் கிழித்துக்கொண்டிருந்தார். நேராக அவர் எதிரில் போய் நின்றாள்.

"ஷரீஃபாவை என்ன சொன்னீங்க?"

"வரிசையில வா காமு."

"என்ன சொன்னீங்கன்னு கேட்டேன்."

"வீட்டுல பேசிக்கலாம். எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். ரூல் போட்டப்ப எல்லாரும் கைதட்டினாங்க இல்ல, இப்பவும் பாக்கட்டும்." அவள் குரல் இத்தனை உயரம் போகும் என்று அவளுக்கே தெரியாது. "அஞ்சு உசுரு இருக்குற வீட்டுக்காரி, தன் வாயைக் கட்டி நம்ம நாய்க்குத் தண்ணி வச்சா. நீங்க அவளை மிரட்டினீங்க. அதைக் கட்டியும் போட்டுட்டீங்க. என்கிட்ட பொய்யும் சொல்லிட்டீங்க. கண்டதுல வாய் வைக்குதாம்! அது வாய் வச்சது தண்ணியில!"

ஐந்தாவது வீட்டு சுப்பராயலு, ரிட்டையர்டு ஆள், சமாதானத்துக்கு வந்தார். "போகட்டும்மா. மனுஷனுக்கே இல்லாத காலம். ஒரு நாய்க்காகப் போய் நடுத்தெருவுல..."

"நீங்க சும்மா இருங்க சார். போன வாரம் ஸ்கூட்டரைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினது யாரு? அந்தத் தண்ணிக்கு எந்த ரூல்?"

லாரிக் குழாயிலிருந்து கொட்டிய தண்ணீர் யாரோ ஒருத்தியின் குடம் நிரம்பி வழிந்து ரோட்டில் ஓடியது. அதை யாரும் கவனிக்கவில்லை, அளவுக்குப் பேர்போன செயலாளர் உட்பட.

காமு வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். ஜெயகிருஷ்ணன் டோக்கன் கட்டை சுப்பராயலு கையில் திணித்துவிட்டுப் பின்னாலேயே வந்தார். வந்ததும் ஃபிரிட்ஜைக் காட்டினார். "நானா எதையும் சொல்லல. அச்சுல போட்டிருக்கான், பாரு. டாக்டர் எழுதினது." 'கிலோவுக்கு ஐம்பது மில்லி' என்கிற இடத்தில் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். காமு அதைப் பிய்த்து எடுத்து, கோட்டுக்குக் கீழே இருந்ததைச் சத்தமாகப் படித்தாள்.

"'இது பொதுவான அளவுதான். வெயில் காலத்தில் இன்னும் அதிகம் தேவைப்படும். சுத்தமான தண்ணீர் எந்நேரமும் நாயின் எதிரில் இருக்கட்டும். தாகம் திடீரென்று அதிகமானால் அது நோயின் அறிகுறியாக இருக்கலாம், தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டவும்.'"

ஜெயகிருஷ்ணன் கையை நீட்டி வாங்கிப் பார்த்தார். இருபத்தாறு வருஷமாகப் பொடி எழுத்து படித்துப் பிழைக்கிற மனுஷர். உதடு அசைய இரண்டுதரம் படித்தார்.

காமுவுக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. அதைவிடத் தன்னை அறைய வேண்டும் போலிருந்தது. ஒரு நாளைக்குப் பத்துத்தரம் அந்தக் கதவைத் திறந்து மூடியிருக்கிறாள். பாலை எடுக்க, தயிரை வைக்க, மாவை எடுக்க. மூக்குக்கு நேரே தொங்கிய நாலு வரியைப் படிக்க அவளுக்கு நேரம் இல்லை. தினம் முந்நூறு அட்மிஷன் ஃபாரத்தில் பிறந்த தேதியைச் சரிபார்க்க நேரம் இருந்தது.

சங்கிலியை அவிழ்த்துப் பஞ்சுவை ஒரு பழைய போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, ஜலால் தன் ஆம்னி வேனைத் திருப்பி நிறுத்தியிருந்தார். ஷரீஃபா சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

"ஏறுங்கக்கா. கிழக்குத் தாம்பரத்துல ஞாயித்துக்கிழமையும் தொறந்திருக்குற டாக்டர் ஒருத்தர் கீறாரு."

"சீட்டெல்லாம் அசிங்கமாயிடுமே பாய். உங்களுக்கு அது வேற..." என்று ஜெயகிருஷ்ணன் தயங்கினார்.

"சீட்டு தைக்கிறவனே நான்தான் சார். கழுவுறதெல்லாம் ஏரி ரொம்பட்டும், அப்ப பாத்துக்கலாம். நீங்க ஏறுங்க."

டாக்டர் எலியேசரின் க்ளினிக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. அறுபது வயசிருக்கும், கையில் பூனைகள் கீறிய தழும்பு. பஞ்சுவை மேஜையில் கிடத்தி ஈறை அழுத்திப் பார்த்தார், தோலைப் பிடித்து இழுத்து விட்டார். தோல் போன இடத்துக்குத் திரும்ப நேரம் பிடித்தது.

"தண்ணி எவ்வளவு குடிக்குது?"

"நானூறு மில்லி, டாக்டர்" என்றார் ஜெயகிருஷ்ணன் உடனே. பையிலிருந்து அந்தச் சின்ன நோட்டை எடுத்தார். "மூணு வாரமா தேதிவாரியா இருக்கு. ஒருநாள்கூட மாறல."

"நானூறா? அப்ப தாகம் நார்மல்தான்." டாக்டர் எழுதிக்கொண்டார். "எதையாவது தின்னிருக்கும். வாந்தி நிக்க ஊசி போடுறேன், நாளைக்குப் பாப்போம்."

ஊசி மருந்தை எடுக்கத் திரும்பிவிட்டார். இன்னும் ஐந்து நிமிஷத்தில் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள். மறுநாள் காலை குழி தோண்ட இடம் தேடியிருப்பார்கள்.

"டாக்டர், அது பொய்" என்றாள் காமு.

"பொய்யா? காமு, நோட்டு இருக்கு..."

"நோட்டை மூடுங்க!" அந்தச் சின்ன அறையில் அது அறைந்த மாதிரி கேட்டது. "டாக்டர், அது இவர் ஊத்தின அளவு. அவ குடிச்ச அளவு இல்ல. அடுத்த வீட்டுல தினமும் ஒன்றரை லிட்டர் குடிச்சிருக்கா. பாத்ரூம் தரையை நக்கியிருக்கா, சோப்புத் தண்ணி குடிச்சிருக்கா. வெள்ளிக்கிழமை மத்தியானத்துலேர்ந்து கட்டிப்போட்டு அதுவும் இல்ல."

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். "கடைசியா எப்ப தீட்டாச்சு?"

"மார்ச் கடைசியில."

"குட்டி போட்டிருக்கா? கருத்தடை பண்ணியிருக்கா?"

"ரெண்டும் இல்ல."

வயிற்றை மெதுவாக அழுத்தினார். பஞ்சு அலறியது. வாலைத் தூக்கிப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, காமுவைப் பார்க்காமல் ஜெயகிருஷ்ணனைப் பார்த்துப் பேசினார்.

"கர்ப்பப்பை முழுக்க சீழ். இந்த வயசுல பொட்டை நாய்க்கு வரும், அது உங்க தப்பு இல்ல. அந்த விஷம் ரத்தத்துல கலந்தா கிட்னியால தண்ணியப் பிடிச்சுவைக்க முடியாது. உள்ள போறதெல்லாம் வெளிய வந்துரும். அதனாலதான் தாகம். நிறையக் குடிச்சதால அது ஹால்ல போகல சார். நிறையப் போனதாலதான் குடிச்சுது. நீங்க அதைத் தலைகீழாப் புரிஞ்சுக்கிட்டு தண்ணிய நிறுத்தியிருக்கீங்க. இத்தனை நாள் அதை உசுரோட வச்சிருந்தது அந்த அடுத்த வீட்டுத் தண்ணிதான்."

ஜெயகிருஷ்ணன் நோட்டைப் பைக்குள் வைக்கப் பார்த்தார். பையின் வாய் அகப்படவில்லை.

"ஆபரேஷன் பண்ணணும். ஆனா உடம்புல ஒரு பொட்டுத் தண்ணி இல்ல, இப்ப மயக்க மருந்து குடுத்தா தாங்காது. இன்னைக்கு முழுக்க டிரிப்ஸ் ஏத்துறேன். நாளைக்குக் காலையில இருந்தா வெட்டலாம்."

இருந்தா. அந்த ஒரு வார்த்தையைக் காமு வீடுவரைக்கும் சுமந்துகொண்டு வந்தாள். வழியெல்லாம் ஜெயகிருஷ்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெருங்களத்தூர் தாண்டியபோதுதான் வந்தது. "நான் யாருக்கும் ஒரு சொட்டு அதிகமாக் குடுக்கல, காமு. எனக்கே குறைச்சுக்கிட்டேன்."

"யார் உங்களைக் குறைச்சுக்கச் சொன்னா? உங்களுக்குத் தாகம் எடுத்தா வாயைத் திறந்து கேக்கலாம். அது என்ன பண்ணும்? பக்கெட்டுல ஏறிக் கேட்டுச்சு. அடிச்சீங்க." ஜலால் ரோட்டைத் தவிர வேறெதையும் பார்க்காமல் ஓட்டினார்.

திங்கள்கிழமை காலை பஞ்சு இருந்தது. எடுத்துப் போட்ட கர்ப்பப்பை மட்டும் முக்கால் கிலோ என்று டாக்டர் சொன்னார். ஸஹானாவுக்குப் போன் பண்ணிச் சொன்னபோது, மறுமுனையில் அழுகைக்கு நடுவில், "அப்பா என்னம்மா பண்ணிட்டிருந்தார்?" என்று கேட்டாள். "அளந்துட்டிருந்தார்" என்றாள் காமு.

செவ்வாய்க்கிழமை அவள் லீவு போட்டாள். ஜெயகிருஷ்ணனும் லீவு போட்டார். அவர் லீவு போட்டு எத்தனை வருஷமோ ஆகிறது. க்ளினிக்கின் பின்னறையில் சாக்கு விரித்து பஞ்சுவைப் படுக்கவைத்திருந்தார்கள். வயிற்றில் கட்டு, முன்னங்காலில் டிரிப்ஸ். கண் திறந்திருந்தது. காமுவைப் பார்த்து வாலின் நுனியை மட்டும் இரண்டுதரம் ஆட்டியது.

"கத்தி வேலை நல்லபடியா முடிஞ்சுது. இனிமே அது தானாக் குடிக்கணும்" என்றார் டாக்டர். "டிரிப்ஸ் ஏத்துற நரம்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்? வாயால குடிச்சா கிட்னி வேலை செய்ய ஆரம்பிச்சிரும், பொழைச்சிக்கும். காலையிலேர்ந்து வச்சுப் பாக்குறேன், தொடல. நீங்க வச்சுப் பாருங்க. இன்னைக்குள்ள குடிக்கலேன்னா எனக்கு நம்பிக்கை இல்ல."

ஜெயகிருஷ்ணன் வீட்டிலிருந்து காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஒரு கூஜா நிறையக் கொண்டுவந்திருந்தார். அகலமான கிண்ணத்தில் விளிம்புவரை ஊற்றினார். கோடு பார்க்கவில்லை, ஊற்றுகிற அவசரத்தில் தரையெல்லாம் சிந்தியது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நாயின் முகத்துக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஐம்பத்து மூன்று வயது மனுஷர், சாக்கடை வாடை அடிக்கிற சிமெண்டுத் தரையில்.

"குடிம்மா பஞ்சு. குடி. எவ்வளவு வேணாலும் குடி. அப்பா ஒண்ணும் சொல்லமாட்டேன்."

பஞ்சு கிண்ணத்தைப் பார்த்தது. மூக்கு விரிந்து சுருங்கியது. தண்ணீரின் வாசனை அதற்குத் தெரிகிறது. நாக்கு நுனி வெளியே வந்தது. பிறகு அவர் கையைப் பார்த்தது. காது இரண்டும் பின்னால் படிந்தன. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது. அவர் கிண்ணத்தைச் சுவர்ப் பக்கம் நகர்த்தினார். நாய் இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. "குடிம்மா" என்று அவர் தலையைத் தடவக் கையைத் தூக்கினார். தூக்கிய கையைப் பார்த்ததும் அது உடம்பைச் சுருட்டிக்கொண்டு, படுத்த இடத்திலேயே சொட்டுச் சொட்டாக மூத்திரம் விட்டது. தையல் போட்ட வயிறு, வலித்திருக்கும். முனகக்கூட இல்லை.

காமுவுக்குப் புரிந்தது. குடிக்கத் தெரியாமல் இல்லை, தாகம் இல்லாமலும் இல்லை. அவர் இருக்கும்போது தண்ணீரில் வாய் வைத்தால் அடி விழும். அந்தப் பாடத்தை நாலே அடியில் அது சுத்தமாகக் கற்றுக்கொண்டிருந்தது. இனி சாகிறவரைக்கும் மறக்காமல் இருக்கும், அந்தச் சாவு இன்றைக்கே வந்தாலும்.

"நீங்க வெளிய போங்க" என்றாள்.

"நான் ஊட்டிப் பாக்குறேன் காமு, ஒரு ஸ்பூன் வாங்கி..."

"உங்க எதிர்ல அது குடிக்காது."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கோபத்தில் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்திருப்பார். அவள் கோபத்தில்தான் இருந்தாள். ஆனால் சொன்னது உண்மை, அது அவருக்கும் தெரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. கிண்ணத்தைத் தரையில் வைத்தார். முட்டியில் கையை ஊன்றி எழுந்தார். வேட்டியின் பின்பக்கம் நனைந்திருந்தது. கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வெளியே போனார்.

காமு கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். பஞ்சு கதவையே பார்த்தது. வெகுநேரம் பார்த்தது. வெளியே செருப்புச் சத்தம் தள்ளிப்போய் நின்றது. பிறகு கழுத்தை நீட்டி, கிண்ணத்தில் ஒரே ஒரு நக்கு நக்கிவிட்டு நிமிர்ந்தது. அடி விழவில்லை. இன்னொரு நக்கு. அப்புறம் தலையைத் தாழ்த்திக்கொண்டு சளக் சளக்கென்று குடிக்க ஆரம்பித்தது. அந்தச் சின்ன அறை முழுக்க அந்தச் சத்தம்தான். காமுவுக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது, பார்வை மங்கியது.

"குடிக்குதா காமு?" கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் கேட்டார். "உள்ள வரட்டுமா?"

பதில் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. காமு அதை விழுங்கிக்கொண்டு, கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். நாய் குடிக்கிற சத்தம் கதவைத் தாண்டிக் கேட்கும். அவர் அங்கேயே நின்று கேட்கட்டும்.